கோவளம் கடற்கரை வீடு: அக்கம்பக்கத்தார் ஏன் விற்கிறார்கள்?

வணக்கம். உங்கள் தந்தையார் 1996-இல் கோவளத்தில், கடலிலிருந்து 150 மீட்டரில் வாங்கிய வீட்டின் அருகே மூவர் விற்க முற்பட்டிருப்பதால், அவ்விடத்திற்கே ஏதோ கேடு வந்துவிட்டதோ என்று அஞ்சுகிறீர்கள். அப்படி எண்ண வேண்டியதில்லை.

பெரும்பாலும் விற்கத் தூண்டுவது உப்புக்காற்றே. அது கொண்டுவரும் குளோரைடு கான்கிரீட்டுக்குள் ஊடுருவிக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துரு இரும்பைவிடப் பலமடங்கு இடம் கேட்பதால் கூரையின் அடிப்பூச்சு வெடித்து உதிரும். ஆண்டில் பத்து நாள் மட்டும் திறக்கப்படும் வீட்டில் இதை யாரும் உரிய நேரத்தில் கவனிப்பதில்லை. பிள்ளைகள் வெளிநாட்டில் தங்கிவிட, காவலாளின் சம்பளமும் பழுதுச் செலவும் முதிய பெற்றோர் மேல் விழுகின்றன. என் பெரியப்பா குடும்பம் இதே காரணத்தால்தான், மனமில்லாமல், விற்றது.

இடித்துப் பெரிதாகக் கட்டலாம் என்றால், உயர் அலைக் கோட்டிலிருந்து (கடல்நீர் ஏறிவரும் எல்லையிலிருந்து) 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் குறுக்கிடும்.

விற்றால் வரும் லாபத்துக்கான வரியையும் பாருங்கள். 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கிய சொத்து என்பதால், அந்த ஏப்ரல் 1-ஆம் நாளின் சந்தை மதிப்பை, அன்றைய வழிகாட்டி மதிப்புக்கு (பத்திரப்பதிவுக்கு அரசு வைத்த மதிப்புக்கு) மிகாமல், அடக்க விலையாகக் (லாபத்தைக் கணக்கிடக் கழிக்கும் வாங்கிய விலையாகக்) கொள்ளலாம். பணவீக்கச் சரிக்கட்டலுடன் (விலைவாசி ஏற்றத்துக்கேற்ப அடக்க விலையை உயர்த்திக்கொண்டு) 20 விழுக்காடா, அது இன்றி 12.5 விழுக்காடா என்ற தெரிவு இந்தியாவில் வசிக்கும் உங்களுக்கு உண்டு. கனடாவிலுள்ள உங்கள் தம்பிக்கு இல்லை. தயவுசெய்து, விலை பேசுமுன் ஒரு கட்டமைப்புப் பொறியாளரை அழைத்துத் தூண்களைச் சோதித்துவிடுங்கள்.