கிண்ணம் சரியாகத்தான் இருக்கிறது, பந்து ஏன் நழுவுகிறது? இடுப்பு மாற்று மூட்டு: கேள்வி பதில்

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. இடுப்பு மூட்டு மாற்றி ஐந்து வாரம். செருப்பு வாரை மாட்டக் குனிந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். மூட்டு நழுவியிருந்தது. எக்ஸ்ரேயில் கிண்ணம் 42 டிகிரி, சரியாகத்தான் இருக்கிறது என்கிறார்கள். அப்படியானால் ஏன் நழுவியது டாக்டர்?

பதில்: அந்தச் 'சரி' 1978-ல் அமெரிக்காவில் லெவின்னெக் என்ற மருத்துவரின் குழுவினர் போட்ட கணக்கு. மாற்று மூட்டில் இடுப்பெலும்பில் பதிப்பது கிண்ணம், அதற்குள் சுழல்வது தொடை எலும்பின் பக்கமுள்ள பந்து. கிண்ணத்தின் சாய்வு 30 முதல் 50 டிகிரி, முன்பக்கத் திருப்பம் 5 முதல் 25 டிகிரி. அவர்கள் பார்த்த 300 மூட்டுகளில் இந்த எல்லைக்குள் இருந்தவற்றில் 1.5 சதவீதம் நழுவின, வெளியே இருந்தவற்றில் 6.1 சதவீதம். நானும் இதை மனப்பாடம் செய்து வந்தவன்தான். ஆனால் 2016-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனை மருத்துவர்கள் நழுவிய 206 மூட்டுகளை அளந்தபோது, 58 சதவீதம் அந்த எல்லைக்குள்ளேயே இருந்தன!

உங்களுக்குச் சொன்ன 42 சாய்வு மட்டும். திருப்பம் எவ்வளவு என்று கேளுங்கள், சி.டி. ஸ்கேன் எடுத்தால் துல்லியமாகத் தெரியும். பந்தைத் தாங்க தொடை எலும்புக்குள் இறக்கிய தண்டின் திருப்பத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஆட்டுக்கல்லின் குழியை மட்டும் பார்த்துவிட்டு குழவியை விட்டுவிட்டால் எப்படி?

இன்னொன்று, அந்தக் கோணமெல்லாம் படுத்திருக்கும்போது அளந்தது. நாம் உட்காரும்போது இடுப்பெலும்பு சுமார் 20 டிகிரி பின்னால் சாயும். கிண்ணத்தின் வாய் முன்பக்கம் திறந்துகொடுக்கும், தொடை மடங்க இடம் கிடைக்கும். முதுகு இறுகிப்போனவர்களுக்கு இந்தச் சாய்வு வராது. தண்டின் கழுத்து கிண்ணத்தின் முன்விளிம்பில் இடித்து, கடப்பாரையால் நெம்பியது போலப் பந்தைப் பின்பக்கமாக வெளியே தள்ளிவிடும். அப்பா செருப்பு மாட்டியபோது குனிந்ததோடு முழங்காலும் உள்பக்கம் திரும்பியிருக்கும். பின்பக்கம் வழியாக அறுவை செய்திருந்தால் அதுதான் மோசமான நிலை.

கேள்வி: எனக்கு முதுகுத்தண்டில் திருகாணி போட்டு எலும்புகளை இணைத்திருக்கிறார்கள். இப்போது இடுப்பையும் மாற்றச் சொல்கிறார்கள்.

பதில்: முதுகு ஆபரேஷன் விவரத்தை முதல் நாளே சொல்லிவிடுங்கள். நின்றபடி ஒன்று, உட்கார்ந்தபடி ஒன்று எனப் பக்கவாட்டு எக்ஸ்ரே எடுத்தால் இடுப்பெலும்பு எவ்வளவு அசைகிறது என்று தெரியும். அசையவில்லை என்றால் இரட்டை அசைவு மூட்டு பற்றிக் கேளுங்கள். சின்னப் பந்து பெரிய பிளாஸ்டிக் பந்துக்குள் சுழலும், பெரியது உலோகக் கிண்ணத்துக்குள் சுழலும். 1970-களில் பிரான்சில் பூஸ்கே என்ற மருத்துவர் உருவாக்கியது. உங்களைப் போன்றவர்களுக்கு நான் பெரும்பாலும் இதைத்தான் யோசிப்பேன்.

கேள்வி: பந்து பெரிதாக இருந்தால் நல்லதா?

பதில்: ஓரளவுக்கு. இங்கிலாந்தில் சார்ன்லி என்ற மருத்துவர் 1960-களில் வைத்தது 22 மில்லிமீட்டர் பந்து. இன்று 32, 36 சாதாரணம். பந்து பெரிதானால் கிண்ணத்தின் விளிம்பைத் தாண்ட அதிக தூரம் எழும்ப வேண்டும். ஆனால் உள்ளே வைக்கும் பிளாஸ்டிக் அந்த அளவுக்கு மெலிந்துவிடும்.

கேள்வி: முன்பக்கம் வழியாகச் செய்தால் நழுவவே நழுவாதாமே?

பதில்: 'நழுவவே' எல்லாம் இல்லை. பின்பக்கம் செய்தாலும் மூட்டு உறையையும் தசைகளையும் திரும்பத் தைத்தால் வித்தியாசம் வெகுவாகக் குறைகிறது. உங்கள் மருத்துவர் எதை அதிகம் செய்கிறாரோ அதுவே போதும்.

கேள்வி: அம்மா சம்மணம் போடலாமா? இந்தியன் டாய்லெட்?

பதில்: முதல் மூன்று மாதம் இரண்டும் வேண்டாம். சம்மணத்தில் முழங்கால் வெளிப்பக்கம் போகிறது, அது ஓரளவு பரவாயில்லை. தரையில் இறங்கும்போதும், கையூன்றி எழும்போதும்தான் கால் உள்பக்கம் மடங்கும். தாழ்வான சோபாவும் கிட்டத்தட்ட அப்படித்தான். உயரமான நாற்காலி, கமோடு, தூங்கும்போது கால்களுக்கு நடுவே தலையணை. கால் நகம் வெட்டுவதை அதுவரை யாரிடமாவது விட்டுவிடட்டும். அப்புறம் மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும்.

கேள்வி: நடக்கும்போது 'டக்' என்று சத்தம்.

பதில்: வலியில்லாத சத்தத்துக்குப் பெரும்பாலும் பயப்பட வேண்டாம், அடுத்த முறை போகும்போது சொல்லுங்கள். திடீர் வலியோடு கால் குட்டையாகி, பாதம் உள்ளே திரும்பி, ஊன்ற முடியாமல் போனால் நழுவியிருக்கலாம். நீங்களாக இழுத்துப் பார்க்காதீர்கள், நாட்டுக் கட்டுக்கும் போகாதீர்கள். நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வழியில் காபிகூட குடிக்க வேண்டாம். மயக்கம் கொடுத்துத்தான் பந்தைத் திரும்ப உள்ளே ஏற்ற வேண்டியிருக்கும்.