குழுவில் பகிர்ந்த படத்தைக் கடைக்காரர் எடுத்துக்கொண்டால்?

கேள்வி: மாடல் கப்பல் கட்டுவது என் பொழுதுபோக்கு. ஒவ்வொரு கட்டத்தையும் படமெடுத்து ஓர் இணையக் குழுவில் பகிர்ந்துவருகிறேன். அதில் மூன்று படங்களை ஓர் ஆன்லைன் கடை எடுத்து, தான் விற்கும் கிட்டுக்கு (கப்பல் பாகங்கள் அடங்கிய பெட்டிக்கு) விளம்பரமாகப் போட்டிருக்கிறது. மூலையில் இருந்த என் பெயரை வெட்டிவிட்டார்கள். கேட்டால், "பொதுவில் போட்ட படம்தானே, பதிவா செய்திருக்கிறீர்கள்?" என்கிறார்கள். மூன்றில் ஒன்றை எடுத்தவர் என் நண்பர். பாய்மரக் கயிறு கட்டும்போது என் இரண்டு கையும் வேலையில் இருந்தன. இப்போது என்ன செய்யலாம்? இனி படங்களை எப்படித் தயார்செய்து போடுவது?

பதில்: பதிவு செய்யாவிட்டாலும் நீங்கள் எடுத்த படம் உங்களுடையதுதான். உரிமையை அனுபவிக்க எந்தப் பதிவும் சடங்கும் தேவையில்லை என்கிறது பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கை. 180க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் இருக்கின்றன. பதிவு வேறு விதத்தில் உதவும். அமெரிக்காவில், சட்டமே வரையறுத்த இழப்பீட்டைக் கேட்க வேண்டுமானால், மீறல் தொடங்கும் முன்போ, படம் முதலில் வெளியான மூன்று மாதத்துக்குள்ளோ பதிவு செய்திருக்க வேண்டும். கடைக்காரரின் கேள்விக்கு அந்த அளவுக்குத்தான் மதிப்பு.

"பொதுவில் போட்டது" என்ற வாதமும் நிற்காது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்த ரெங்கோஃப் வழக்கைப் பாருங்கள். புகைப்படக்காரரின் அனுமதியோடு ஒரு பயணத் தளத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருந்த படத்தை, மாணவர் ஒருவர் தன் பள்ளிக் கட்டுரையில் சேர்த்தார்; கட்டுரை பள்ளியின் இணையதளத்தில் ஏறியது. தடையில்லாமல் கிடைத்த படமே என்றாலும், அதை வேறொரு தளத்தில் ஏற்றப் புதிதாக அனுமதி வேண்டும் என்றது நீதிமன்றம். பள்ளிக் கட்டுரைக்கே அந்தக் கதி என்றால் விற்பனைப் பக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் பார்த்துவிடுங்கள். குழுவில் சேரும்போது நீங்கள் ஒப்புக்கொண்ட விதிமுறைகள். படத்தைச் சேமிக்கவும் காட்டவும் தளத்துக்கு அனுமதி தருவதாகத்தான் பெரும்பாலும் இருக்கும், உரிமை கைமாறாது. அந்த அனுமதியைத் தளம் மூன்றாம் நபருக்கும் வழங்கலாம் என்ற வரி இருந்தால்தான் சிக்கல். அப்போதும், அப்படி வழங்கப்பட்டது என்று காட்ட வேண்டியவர் கடைக்காரர்.

நண்பர் எடுத்த படத்தைத் தனியே ஒதுக்கி வையுங்கள். கப்பல் உங்களுடையது, மேசை உங்களுடையது, படத்தில் இருக்கும் கையும் உங்களுடையது. ஆனால் பதிப்புரிமை பொதுவாகப் படமெடுத்தவருக்கு. அந்தப் படத்தையும் "என்னுடையது" என்று புகாரில் சேர்த்தால், பொய்ப் புகார் என்ற பிடி எதிர்த்தரப்பின் கைக்குப் போய்விடும். நண்பர் தன் பெயரில் புகார் கொடுக்கலாம். அல்லது தன் சார்பில் நீங்கள் நடவடிக்கை எடுக்க எழுத்தில் சம்மதம் தரலாம். அதில் எந்தப் படம், என்ன தேதி, எதற்காக என்று இருந்தால் போதும்.

கடைக்காரரிடம் ஏற்கெனவே பேசிவிட்டீர்கள் என்பதால் ஆதாரத்தை இன்றே எடுங்கள். பக்கம் நாளை காணாமல் போகலாம். உலாவியில் பக்கம் முழுவதையும் பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். முகவரிப் பட்டியும் கணினியின் தேதி, நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அதே பக்கத்தை இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினிலும் பதியுங்கள். உங்கள் கையில் இல்லாத சாட்சி என்பதால் அதற்கு எடை அதிகம். பிறகு கடையின் பக்கத்தில் படத்தின்மேல் வலது கிளிக் செய்து, புதிய தாவலில் திறந்து, அதன் முகவரியைப் பாருங்கள். கடையின் சொந்தச் சர்வரிலிருந்து வந்தால் படியெடுத்திருக்கிறார்கள். உங்கள் குழுவின் சர்வரிலிருந்தே இழுத்துக் காட்டினால், அது நகலா, வெறும் இணைப்பா என்று நாட்டுக்கு நாடு நீதிமன்றங்கள் வேறுவேறாகச் சொல்கின்றன. அந்த விவாதத்தில் இறங்குவதைவிட, வெளித்தளங்கள் படத்தை இழுப்பதை நிறுத்தச் சொல்லிக் குழுவின் நிர்வாகியைக் கேட்பது நல்லது. படத்தைக் கொடுத்தால் அது வேறு எங்கே இருக்கிறது என்று தேடித்தரும் டின்ஐ, கூகுள் லென்ஸ் இரண்டிலும் தேடுங்கள். ஒரு கடை எடுத்த படத்தை அதன் விநியோகஸ்தர்களும் போட்டிருப்பது வழக்கம்.

அடுத்து நோட்டீஸ். அதைக் கடைக்கு அனுப்புவதைவிட, கடையின் பக்கத்தைத் தாங்கும் சந்தைத் தளத்துக்கோ ஹோஸ்டிங் நிறுவனத்துக்கோ அனுப்பினால் வேலை சீக்கிரம் முடியும். அந்த நிறுவனம் அமெரிக்காவில் இருந்தால் இணையத்தில் நடக்கும் பதிப்புரிமை மீறலுக்கான 1998ஆம் ஆண்டின் டிஎம்சிஏ சட்டம் பொருந்தும். நோட்டீஸில் ஆறு விஷயங்கள் இருக்க வேண்டும்: உங்கள் கையொப்பம் (மின்கையொப்பம் போதும்); எந்தப் படம் மீறப்பட்டது; மீறிய படம் இருக்கும் சரியான யூஆர்எல்; உங்கள் தொடர்பு விவரம்; இந்தப் பயன்பாட்டுக்கு அனுமதி இல்லை என்று நல்லெண்ணத்துடன் நம்புகிறேன் என்ற வாக்கியம்; சொன்ன தகவல் சரியானது, உரிமையாளர் சார்பில் நடக்க எனக்கு அதிகாரம் உண்டு என்ற உறுதிமொழி. கடைசியில் சொன்ன அதிகாரம் உண்டு என்று பொய்யாக எழுதினால், பொய்ச்சத்தியத்துக்கான தண்டனை வரலாம். நோட்டீஸ்கள் தோற்பது பெரும்பாலும் மூன்றாவதில்: கடையின் முகப்புப் பக்க முகவரியைக் கொடுத்துவிட்டு, "உள்ளே என் படம் இருக்கிறது" என்று எழுதினால் ஒதுக்கிவிடுவார்கள். உங்கள் தொடர்பு விவரம் கடைக்காரரின் பார்வைக்குப் போகக்கூடும் என்பதையும் மனத்தில் வையுங்கள். புகார் தவறு என்று அவர் எதிர்நோட்டீஸ் கொடுத்தால், நீங்கள் வழக்குப் போடாத பட்சத்தில் 10 முதல் 14 வேலை நாளில் படம் திரும்ப ஏறிவிடும்.

நீங்கள் இந்தியாவில் இருந்தால் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டமும் 2013ஆம் ஆண்டின் விதிகளும் இதேபோல ஒரு வழி தருகின்றன. எழுத்துப் புகார் கிடைத்த 36 மணி நேரத்தில் இடைநிலைத் தளம், அதாவது கடையின் பக்கத்தைத் தாங்கும் தளம், படத்தை முடக்க வேண்டும். 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் திரும்ப அனுமதிக்கலாம். நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடரவும் 62ஆம் பிரிவு வழி விடுகிறது. 60ஆம் பிரிவையும் படித்துவிடுங்கள்: ஆதாரமில்லாமல் வழக்கு மிரட்டல் விடுத்தால், மிரட்டப்பட்டவர் உங்கள்மேல் வழக்குப் போடலாம். குழுவில் கடையின் பெயரைப் போட்டுத் "திருடர்கள்" என்று எழுதுவது அதைவிட மோசம். அவதூறு வழக்குக்கு நீங்களே கதவு திறப்பதாகும். எந்தப் படம், எந்தப் பக்கம், எத்தனை நாளாக, என்ன உரிமக் கட்டணம் என்று ஒரே கடிதத்தில் எழுதி, பதிலுக்கு ஒரு தேதி கொடுங்கள். வாட்ஸப்பில் வாக்குவாதம் வேண்டாம்.

பெயரை வெட்டியது தனிக் குற்றமாகலாம். உரிமைத் தகவலைத் தெரிந்தே நீக்குவதை அமெரிக்கச் சட்டமும் தண்டிக்கிறது, இந்தியச் சட்டத்தின் 65பி பிரிவும் தண்டிக்கிறது. சிக்கல் "தெரிந்தே" என்ற சொல்லில். பெயர் மூலையில் இருந்ததால், சதுரப் பெட்டிக்குள் பொருத்த வெட்டினோம் என்று அவர்கள் சொல்லிவிடலாம். பெயர் கப்பலின் உடற்பகுதியை ஒட்டி விழுந்திருந்தால் அந்தச் சமாதானத்துக்கு இடமே இருந்திருக்காது.

இனி போடப்போகும் படங்களுக்கு வருவோம். பகிரப்படாத மூலக்கோப்புதான் உங்கள் பெரிய ஆதாரம். கேமராவிலிருந்து வந்த ரா கோப்பையோ (எந்த மாற்றமும் செய்யாத மூலப்பதிவு) முழு ஜேபெக்கையோ தொடாமல் ஒரு கோப்புறையில் வையுங்கள். எக்ஸிஃப் தகவல் (தேதி, கேமரா போன்று கேமராவே கோப்புக்குள் எழுதும் விவரம்), எடுத்த இடத்தைச் சொல்லும் ஜிபிஎஸ் எல்லாம் அதில் அப்படியே இருக்கட்டும். இன்னொரு டிஸ்கிலும் ஒரு படி. அதன் ஷா-256 ஹேஷ் எண்ணைக் குறித்துவையுங்கள்; கோப்பு சிறிது மாறினாலும் மாறிவிடும், கைரேகை போன்ற எண் அது. மின்னணு ஆதாரத்தோடு தர வேண்டிய, இந்தியச் சாட்சியச் சட்டமான 2023ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் ஹேஷ் எண்ணைக் கேட்கிறது.

பகிர வேறு பிரதி செய்யுங்கள். நான்கு பக்கமும் ஐந்து சதவீதம் அளவுக்கு வெட்டிவிட்டு ஏற்றுங்கள். படத்தின் விளிம்புக்கு வெளியே என்ன இருக்கிறது என்று காட்டக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான் என்றால், யார் எடுத்தது என்ற விவாதம் அங்கேயே முடிந்துவிடும். நீளப் பக்கம் 1200 பிக்சல், ஜேபெக் தரம் 80, நிறத்துக்கு இணையத்தில் வழக்கமான எஸ்ஆர்ஜிபி அமைப்பு. திரையில் கயிற்றின் முடிச்சுவரை தெரியும். 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சடித்தால் நான்கு அங்குலம்தான் தேறும், கிட் பெட்டியில் பெரிதாகப் போட முடியாது. "பெரிய சைஸ் இருந்தால் அனுப்புங்கள்" என்று முன்பின் தெரியாதவர் தனிச்செய்தியில் கேட்டால் மறுத்துவிடுங்கள்.

பிரதியில் ஜிபிஎஸ் இருக்கக் கூடாது. மேசையில் எடுத்த படம் உங்கள் வீட்டைக் காட்டிக்கொடுக்கும். சில மென்பொருள்களில் படத்தை வெட்டினாலும் எக்ஸிஃபுக்குள் இருக்கும் சிறுபடம் பழையபடியே தங்கிவிடும். மேசையில் கிடந்த கூரியர் உறையை வெட்டி எடுத்தோம் என்று நினைப்பீர்கள். முகவரி உறை அந்தச் சிறுபடத்தில் இருக்கும். அதனால் எல்லாத் தகவலையும் நீக்கிப் புதிதாக ஏற்றுமதி செய்து, கோப்புக்குள் உரிமை விவரம் எழுதும் ஐபிடிசி பகுதியில் எடுத்தவர் பெயர், பதிப்புரிமை வரி, தொடர்பு இணைப்பு மூன்றை மட்டும் எழுதுங்கள். அதை மட்டும் நம்பியும் இருக்காதீர்கள். படத்தைச் சிறிதாக்கும் பல தளங்கள் அதையும் துடைத்துவிடும். அப்படித் துடைத்தது தளம் என்றால், கடைக்காரர்மேல் அந்தப் பழியைப் போடவும் முடியாது. ஆகவே படத்தின்மேல் தெரியும் பெயரும் வேண்டும்: கப்பலை ஒட்டி, மெல்லியதாக, வெட்டினால் கப்பலும் வெட்டுப்படும் இடத்தில். பதிவின் முதல் வரியிலேயே "படங்கள் பார்க்க மட்டும், வேறு இடத்தில் பயன்படுத்த எழுத்தில் அனுமதி வேண்டும்" என்று போடுங்கள். நண்பர் எடுத்த படத்துக்குக் கீழே அவர் பெயர் வரட்டும்.