மொட்டை மாடில சோலார் போட விடமாட்டேங்குறாரு, கோர்ட்டுக்கு போகலாமா?

கேள்வி: வணக்கம் மேடம். சென்னைக்கு வெளிய எங்க அபார்ட்மெண்ட், 24 வீடு, லிப்ட் கிடையாது, எல்லாம் சின்ன சின்ன வீடு, லோன் கட்டிட்டு இருக்குறவங்கதான். 2019-ல சாவி வாங்கினோம். காமன் கரண்ட் பில் ஏறிட்டே போகுது. அதனால பழைய மோட்டார மாத்தி, படிக்கட்டுல எல்இடி போட்டு, மொட்டை மாடில காமனுக்கு 5 கிலோவாட் சோலார் போடலாம்னு அசோசியேஷன்ல முடிவு பண்ணோம். மேல் மாடி ஓனர் ஒருத்தர், "மொட்டை மாடி பில்டர் எனக்கு எழுதி குடுத்தது, ஒரு ஆணி அடிக்கக்கூடாது"ங்கறாரு. இன்னும் மூணு பேர் பணம் தரமாட்டோம்னுட்டாங்க. கேஸ் போட்டா ஜெயிப்போமா? நான் செயலாளர்.

பதில்: சார், நீங்க அனுப்பின மினிட்ஸ் புக் போட்டோவ பாத்தேன். "சோலார் போட முடிவு செய்யப்பட்டது"ன்னு ஒரே ஒரு வரி, கீழ 9 கையெழுத்து. இத வச்சிட்டு கோர்ட்டுக்கு போனா எதிர்த்தரப்பு வக்கீல் முதல் கேள்வியே "24 வீட்டுல 9 பேரா?"ன்னுதான் கேப்பாரு. அவர் பத்திரம் அப்புறம், முதல்ல உங்க நோட்ட சரி பண்ணுங்க.

ஆனா மொட்டை மாடி விஷயத்துல உங்க பக்கம் பலம் இருக்கு. 2016 ரெரா சட்டத்துல, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை சட்டத்துல, பொதுப் பகுதி எதுஎதுன்னு பிரிவு 2(என்)-ல சொல்லிருக்காங்க, மாடிப்படி, லிப்ட்டோட மொட்டை மாடியும் அதுல வருது, அதே பிரிவுல பொது உபயோகத்துக்கான புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைப்பையும் தண்ணி மோட்டாரையும்கூட சேத்திருக்காங்க. 2017 மே 1 அன்னைக்கு கம்ப்ளீஷன் சர்டிபிகேட் (கட்டி முடிச்சதுக்கான சான்று) வாங்காத ப்ராஜெக்ட் பெரும்பாலும் ரெராக்குள்ள வரும், உங்க பத்திரத்துலயோ பில்டர் குடுத்த விளம்பர நோட்டீஸ்லயோ ரெரா நம்பர் இருக்கான்னு தேடுங்க. இருந்தா அந்த சட்டம் உங்களுக்கு பொருந்தும், பேச்சே வேற.

அடுத்து அவர் பத்திரத்தோட நகல் சார்பதிவாளர் ஆபீஸ்ல கேட்டு வாங்குங்க, அவர் வாயால சொல்றத நம்பாதீங்க, நிறைய பேர் கட்டுமான ஒப்பந்தத்துல இருக்குற ஒரு வரிய பத்திரம்னு நினைச்சிட்டு இருப்பாங்க. நிஜமாவே பத்திரத்துல எழுதிருந்தாலும் தேதிய பாருங்க. அதுக்கு முன்னாடி பதிவான மத்தவங்க பத்திரத்துல மொட்டை மாடில பொது உரிமைன்னு இருந்தா, ஏற்கனவே குடுத்தத பில்டர் திருப்பி இன்னொருத்தருக்கு குடுக்க முடியாது. 2010-ல நஹல்சந்த் லாலூசந்த் வழக்குல ஸ்டில்ட் பார்க்கிங்க (கட்டடத்துக்கு அடியில தூண்களுக்கு நடுவுல வண்டி நிறுத்துற இடம்) பில்டர் தனியா விக்க முடியாதுன்னு உச்ச நீதிமன்றம் சொல்லிச்சு. அது மகாராஷ்டிரா சட்டத்த வச்சு வந்த தீர்ப்பு, அதனால நமக்கு அப்படியே பொருந்தாது, ஆனா வாதத்துக்கு உதவும்.

இப்போ தீர்மானம். பைலால (சங்க விதிகள்ல) சொல்ற நாள் கணக்குப்படி எல்லா ஓனருக்கும், அந்த மேல் மாடிக்காரருக்கும்தான், நோட்டீஸ் குடுங்க, அஜெண்டால சோலார்னு தெளிவா போடுங்க, கோரம், அதாவது கூட்டத்துக்கு குறைஞ்சபட்சம் வர வேண்டிய ஆள் எண்ணிக்கை, வரணும். தீர்மானத்துல எத்தன கிலோவாட், மொத்த செலவு, வீட்டுக்கு எவ்வளவு, எந்த இடத்துல, யார் பராமரிக்கறது எல்லாம் வரணும். அதோட ஒரு வரி கட்டாயம் சேருங்க: "இந்த வேலையால் மேல்தளத்தில் ஒழுகல் ஏற்பட்டால் அசோசியேஷன் செலவில் சரிசெய்யப்படும்." பாதி சண்டை இந்த ஒரு வரியிலயே ஓஞ்சிடும்னு நினைக்கிறேன். ஏன்னா அவர் பயம் நியாயமானதுதான், கீழ் வீட்டுல இருக்கறவருக்கு ஒழுகாது. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்கிட்ட எழுத்துல சர்டிபிகேட் வாங்கி, ஸ்டாண்ட எப்படி நிறுத்தப்போறீங்கன்னு அவர்கிட்ட காட்டுங்க, தளத்துல ஓட்டை போடாம கான்கிரீட் பிளாக்ல நிறுத்துற முறையும் உண்டு, ஆனா அந்த எடைய தளம் தாங்குமான்னும் காத்துக்கு நிக்குமான்னும் இன்ஜினியர்தான் சொல்லணும். 5 கிலோவாட்டுக்கு சுமார் 500 சதுர அடி போகும், மிச்ச இடத்துல துணி காயப் போட வழி விடுங்க, இதுக்கே கேஸ் வரைக்கும் போனவங்க இருக்காங்க.

பணம். மத்திய அரசோட பிஎம் சூர்ய கர் சோலார் மானியத் திட்டத்துல குடியிருப்போர் சங்கத்துக்கு காமன் உபயோகத்துக்கு கிலோவாட்டுக்கு 18,000 ரூபா மானியம், 5-க்கு 90,000. போட்டு முடிச்சிட்டு கேட்டா வராது, முன்னாடியே அந்தத் திட்டத்தோட போர்ட்டல்ல பதிஞ்சு, பதிவு பெற்ற ஆளு மூலமா, உள்நாட்டு பேனல்தான் போடணும். அதுக்கும் முன்னாடி காமன் மீட்டர் யார் பேர்ல இருக்குன்னு ஈபி பில்ல எடுத்துப் பாருங்க. பில்டர் பேர்லயே இருக்கும், இல்லனா ஆச்சரியம்தான். அத அசோசியேஷன் பேருக்கு மாத்தாம ஒண்ணும் நகராது. 2023-ல சின்ன அபார்ட்மெண்டுக்கு காமன் கரண்ட் ரேட்ட குறைச்சாங்களேன்னு யாராவது கேப்பாங்க, அது 10 வீட்டுக்குள்ள, 3 மாடிக்குள்ள, லிப்ட் இல்லாத கட்டடத்துக்கு, உங்களுக்கு கிடைக்காது.

பணம் தராத மூணு பேருக்கு தண்ணிய மட்டும் கட் பண்ணிடாதீங்க. இத பண்ணிட்டு வந்து என்கிட்ட நிக்கறவங்கதான் அதிகம், அதுல அசோசியேஷன்தான் மாட்டும். தீர்மானம் ஒழுங்கா இருந்தா அவங்க பங்கு பாக்கியாயிடும், நோட்டீஸ் அனுப்பலாம், 3 வருஷத்துக்குள்ள சிவில் கேஸ் போடலாம். நிஜமாவே கைல காசில்லாதவங்கன்னா தவணை போட்டுக் குடுங்க. இல்ல, எல்இடியும் மோட்டார் டைமரும் முதல்ல போட்டு, பில்லுல மிச்சமாகுறத தனி கணக்குல ஒரு வருஷம் சேருங்க, அந்த பாஸ்புக்க காட்டி பேசினா அந்த மூணு பேரும் கொஞ்சம் இறங்குவாங்க.

சோலார்காரர்கிட்ட 5 வருஷ பராமரிப்ப எழுதி வாங்குங்க, கடைசி தவணைய இருவழி மீட்டர் (வாங்குற கரண்ட், வெளிய குடுக்குற கரண்ட் ரெண்டையும் கணக்கு பண்றது) மாட்டினப்புறம்தான் குடுக்கணும். அவர் ஏமாத்தினா 2 வருஷத்துக்குள்ள நுகர்வோர் ஆணையம் போகணும், சங்கம் பேர்ல போனா தகுதி இருக்கான்னு வாதம் கிளப்புவாங்க, அதனால ஓனர்ங்க சேர்ந்து நுகர்வோர் பாதுகாப்பு சட்டம் பிரிவு 35(1)(சி)-ல போடறது நல்லது.

இவ்வளவும் பண்ணி அவர் இன்னும் வழிய மறிச்சா அப்போ தடை உத்தரவு கேட்டு சிவில் கோர்ட்டு போகலாம். அவர் பத்திர நகல் வந்ததும் எனக்கு அனுப்புங்க, ஷெட்யூல் பக்கம் (சொத்து விவரம் இருக்குற பக்கம்) தெளிவா தெரியணும்.