கணிதமா, புள்ளியியலா? இரண்டு துண்டுச் சீட்டை வைத்துப் பாருங்கள்

கேள்வி: என் மகள் தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். கணிதத்தில் 96 மதிப்பெண். சென்னை மாநிலக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம், புள்ளியியல் இரண்டுக்குமே இடம் கிடைக்கும் போலிருக்கிறது. கணிதம் எடுத்தால் டீச்சர் வேலை, புள்ளியியல் எடுத்தால் ஐ.டி. கம்பெனி என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். எதில் சேர்ப்பது? பாடம் ஆங்கிலத்தில் நடந்தால் சமாளிப்பாளா?
– அரக்கோணத்திலிருந்து ஒரு தந்தை

முதலில் அந்த டீச்சர், ஐ.டி. கணக்கை விட்டுவிடுங்கள். சி.ஆர். ராவ், ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் எம்.ஏ. முடித்துவிட்டு, அப்புறம்தான் கல்கத்தா போய்ப் புள்ளியியல் படித்தார். உலகத்தின் பெரிய புள்ளியியலாளர்களில் ஒருவரானார். கணிதம் படித்தவர் புள்ளியியலுக்கு வருவது அவ்வளவு கஷ்டமில்லை. திரும்பிப் போவதுதான் சிரமம். ஆல்ஜீப்ராவும் அனாலிசிஸும் போதுமான அளவு படித்திருக்க மாட்டார்கள்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் பெயர் முக்கியம். யுபிஎஸ்சி நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வுக்கு, பட்டப்படிப்பில் புள்ளியியலோ கணிதப் புள்ளியியலோ ஒரு பாடமாக இருந்திருக்க வேண்டும், அல்லது அதில் முதுகலை முடித்திருக்க வேண்டும். வயது 21 முதல் 30 வரை. மகள் கணிதம் எடுத்தாலும் அல்லைடு பாடமாக, அதாவது துணைப் பாடமாக, புள்ளியியல் கிடைக்குமா, மார்க்ஷீட்டில் அந்தப் பெயர் வருமா என்று சேரும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று வருடம் கழித்துக் கேட்டு ஒன்றும் ஆகாது.

சரி, எதில் சேர்ப்பது? வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். இரண்டு துண்டுச் சீட்டு எடுத்து, ஒன்றில் 1, இன்னொன்றில் 3 என்று எழுதுங்கள். சராசரி 2. இரண்டு எண்ணும் அதிலிருந்து 1 தள்ளி நிற்பதால் விலக்க வர்க்கச் சராசரி (தள்ளி நிற்கும் தூரங்களை வர்க்கப்படுத்திக் கூட்டி, எண்ணிக்கையால் வகுப்பது) 1. பத்தாம் வகுப்புக் கணக்குதான். இப்போது மகளைக் கண்ணை மூடி ஒரு சீட்டை எடுக்கச் சொல்லுங்கள். எண்ணைக் குறித்துக்கொண்டு, சீட்டைத் திரும்பப் போட்டு, மறுபடி ஒன்று எடுக்கட்டும். வரக்கூடியவை நான்கே ஜோடி: (1, 1), (1, 3), (3, 1), (3, 3). ஒவ்வொரு ஜோடிக்கும் விலக்க வர்க்கச் சராசரி போட்டால் 0, 1, 1, 0. இந்த நான்கின் சராசரி அரை. உண்மையான விடையில் பாதிதான் வருகிறது! இரண்டால் வகுப்பதற்குப் பதிலாக ஒன்று குறைத்து வகுத்துப் பாருங்கள்: 0, 2, 2, 0. சராசரி கச்சிதமாக 1.

கல்லூரியில் இதை ஒரு வரிச் சூத்திரமாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். இங்கே மகள் என்ன கேட்கிறாள் என்று கவனியுங்கள். "எந்த எண்ணை எழுதினாலும் இப்படித்தான் வருமா, ஏன்?" என்றால் கணிதம். "சீட்டைத் திரும்பப் போடாவிட்டால்? நூறு தடவை எடுத்தால்?" என்றால் புள்ளியியல். "அப்படியா" என்று போனைக் கையில் எடுத்தால், இரண்டையுமே ஒரு தடவை யோசிக்க வேண்டும்.

எதில் சேர்ந்தாலும் வரப்போகும் சிக்கல் ஒன்றுதான், தேர்வு முறை. சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் தொடங்கியது. அதன் கீழ் ஏராளமான கல்லூரிகள். இத்தனை பேருக்கு ஒரே மாதிரித் தேர்வு என்றால், கேள்வி 'தேற்றத்தைக் கூறி நிறுவுக' என்றுதான் வரும். நோட்ஸை மனப்பாடம் செய்தவரும் முதல் வகுப்பு வாங்கிவிடலாம். நானும் அப்படித்தான் முதல் இரண்டு செமஸ்டரை ஓட்டினேன். மூன்றாவது செமஸ்டரில் ஒரு கேள்வியில் ஒரே ஒரு சொல்லை மாற்றியிருந்தார்கள், அந்தத் தாள் அரியர்.

அந்தச் சொல் 'மூடிய இடைவெளி', அதாவது இரண்டு முனைகளும் சேர்ந்த இடைவெளி. மூடிய இடைவெளியில் தொடர்ச்சியான சார்பு ஒரு எல்லைக்குள் அடங்கும் என்பது தேற்றம். 'மூடிய' என்பதை எடுத்துவிட்டால்? 0-க்கும் 1-க்கும் நடுவே, முனைகளைச் சேர்க்காமல், 1-ஐ ஒவ்வொரு எண்ணாலும் வகுத்துக்கொண்டே வாருங்கள். 0.1-க்குப் 10, 0.001-க்கு 1000. எல்லையே இல்லை. ஒவ்வொரு தேற்றத்திலும் இப்படி ஒரு நிபந்தனையை உருவிவிட்டு எங்கே உடைகிறது என்று பார்ப்பதுதான் படிப்பு. ரயில் பயணத்தில் தினம் ஒரு தேற்றம் போதும்.

ஆனால் ஒன்று, மாநிலக் கல்லூரி தன்னாட்சிக் கல்லூரி, பல்கலைக்கழகத்தின் அந்தப் பொதுத் தேர்வு அங்கே கிடையாது. பட்டம் பல்கலைக்கழகத்தின் பெயரில் வந்தாலும் பாடத்திட்டமும் கேள்வித்தாளும் கல்லூரியுடையவை. வேறு கல்லூரியின் பழைய கேள்வித்தாளை ஜெராக்ஸ் எடுத்துப் படிப்பது வீண்.

எம்.எஸ்சி.க்கு ஐ.ஐ.டி. போக 'ஜாம்' தேர்வு. கணிதத்துக்கும் கணிதப் புள்ளியியலுக்கும் தனித்தனித் தாள். 3 மணி நேரம், 60 கேள்வி, 100 மதிப்பெண். ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடைகள் இருக்கக்கூடிய 10 கேள்விகள் அதில் உண்டு. சரியானவை எல்லாவற்றையும் குறித்தால்தான் மதிப்பெண், பாதிக்குப் பாதி கிடையாது. மனப்பாடம் அங்கேதான் கைவிடும். சென்னையை விட்டுப் போக வேண்டாம் என்றால், சிறுசேரியில் சென்னைக் கணிதக் கழகம் இருக்கிறது. மாநிலக் கல்லூரியிலிருந்து நடந்து போகும் தூரத்தில், சேப்பாக்கம் வளாகத்தில் பல்கலைக்கழகத்தின் ராமானுஜன் உயர்கணித ஆய்வு நிறுவனமும் இருக்கிறது. புள்ளியியல் எடுத்தால் முதல் வருடமே 'ஆர்' மென்பொருளை இறக்கிப் பழகட்டும், இலவசம்தான்.

ஆங்கிலம்? முதல் செமஸ்டர் கொஞ்சம் திணறும். கணிதத்தில் ஒரு தாளுக்கு முப்பது, நாற்பது சொல் தெரிந்தால் ஓட்டிவிடலாம். இலக்கணம் பெரிதாகத் தேவையில்லை. பாடநூல் கழகத்தின் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் புத்தகங்களின் ஆங்கிலப் பதிப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஒரே பாடம், ஒரே கணக்குகள். எல்லை, தொடர்ச்சி, நிகழ்தகவுப் பரவல் ஆகிய பாடங்களைத் தமிழ்ப் புத்தகத்தின் பக்கத்தில் வைத்து வரி வரியாக ஒப்பிட்டுப் படித்தால், கல்லூரி திறப்பதற்குள் பாதிச் சொற்கள் பழகிவிடும். அதனால் ரிசல்ட் வந்த சந்தோஷத்தில் பழைய புத்தகங்களை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.