தனியாக நிற்கும் யானைக்குட்டிக்குப் பால் கொடுக்கலாமா?

காட்டோரக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். "ஒருநாள் விடியற்காலையில் எங்கள் வயலோரம் யானைக்குட்டி ஒன்று தனியாக நின்றது. என் இடுப்பு உயரம்தான் இருக்கும். பசியில் கத்திக்கொண்டே இருந்தது. மனசு கேட்காமல் பசும்பாலைக் காய்ச்சி ஆற்றிக் கொடுத்தோம், குளிப்பாட்டினோம். ஊரே திரண்டு வந்து பார்த்தது. மாலையில் வனத்துறையினர் வந்து கொண்டுபோனார்கள். ஆறாம் நாள் வயிற்றுப்போக்கில் இறந்துவிட்டது என்று சொன்னார்கள். நாங்கள் கொடுத்த பால்தான் கொன்றதா? இனி இப்படி ஒரு குட்டி வந்தால் என்ன செய்வது? அது பிழைத்திருந்தால் காட்டில் விட்டிருப்பார்களா, இல்லை கடைசிவரை முகாமில்தான் இருந்திருக்குமா?"

சகோதரி, நீங்கள் கொடுத்த பால்தான் அதைக் கொன்றது என்று யாராலும் சொல்ல முடியாது. தாயைப் பிரிந்த குட்டி பெரும்பாலும் உடம்பில் நீர் வற்றி, களைத்து, சில சமயம் நோயும் தொற்றிய பிறகுதான் நம் கண்ணில் படுகிறது. சிறந்த மருத்துவர்களும் எல்லா வசதியும் உள்ள இடங்களிலேயே இந்த வயதுக் குட்டிகள் இறந்துபோகின்றன. நானே பல இரவுகள் கூட இருந்து பார்த்தும் காப்பாற்ற முடியாமல் போயிருக்கிறது. அதனால் அந்தக் குற்ற உணர்வை இறக்கி வையுங்கள். ஆனால் அடுத்த முறை பால் கொடுக்காதீர்கள்.

யானைப்பாலில் உள்ள கொழுப்பு வேறு, பசும்பாலில் உள்ள கொழுப்பு வேறு. யானைப்பாலில் கேப்ரிக், லாரிக் என்ற கொழுப்பு அமிலங்கள் அதிகம். இவை எளிதில் செரிக்கும். பசும்பாலின் கொழுப்பைச் சின்னக் குட்டியின் குடல் தாங்காது, கழிச்சல் கண்டுவிடும். 100 கிலோ எடையுள்ள குட்டிதானே, தாங்கிவிடும் என்று தோன்றும். இரண்டு நாள் கழிச்சல் போதும், எழுந்து நிற்க முடியாமல் போய்விடும். இன்னொரு ஆபத்தும் உண்டு. குட்டி பால் குடிப்பது வாயால், துதிக்கையால் அல்ல. துதிக்கையைச் சரியாகப் பயன்படுத்தவே அதற்குப் பல மாதம் ஆகும். பயந்து கத்திக்கொண்டிருக்கும் குட்டியின் வாயில் பாலையோ தண்ணீரையோ ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போய்விடலாம்.

அப்படியானால் முதல் சில மணி நேரம் என்ன செய்வது? வனத்துறைக்குத் தகவல் சொல்லிவிட்டுத் தள்ளி நில்லுங்கள். அப்புறம் நாய்களைக் கட்டிப்போடுங்கள். கூட்டத்தைக் கலையுங்கள். இதுதான் கஷ்டமான வேலை, ஆனால் இதுதான் முக்கியமான வேலை. தாய் செத்துப்போயிருக்கும் என்று நாமாக முடிவுகட்டிவிடுகிறோம். பல நேரங்களில் தாயும் யானைக் கூட்டமும் பக்கத்துப் புதரிலேயே இருட்டுக்காகக் காத்திருக்கும். நம் சத்தம்தான் அவை வரவிடாமல் தடுக்கும். நமக்கும் அது ஆபத்து. குட்டிக்கும் தாய்க்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மனிதன் தப்புவது அரிது. வெயில் கொளுத்தினால் குட்டிக்கு நிழல் கிடைக்கும்படி எதையாவது கட்டலாம். குளிர் நேரத்தில் குளிப்பாட்டவே கூடாது. தாயின் உடல் சூடு இல்லாத குட்டிக்கு நிமோனியா சீக்கிரம் வந்துவிடும்.

மனித வாசம் பட்ட குட்டியைத் தாய் சேர்த்துக்கொள்ளாது என்று காட்டோர ஊர்களில் சொல்வதுண்டு. அதை நம்பி முயற்சியைக் கைவிட வேண்டாம். கிணற்றிலும் கால்வாயிலும் விழுந்து, மனிதர்கள் கைபட்டு மீட்ட குட்டிகளைத் தாய்கள் அழைத்துப்போன நிகழ்வுகள் ஏராளம். 2023 டிசம்பரில் ஆனைமலை புலிகள் காப்பகப் பகுதியில் கூட்டத்தைப் பிரிந்த ஒரு குட்டியை வனத்துறையினர் ட்ரோன் வைத்துத் தேடி, தாயிடமே சேர்த்தார்கள். சில நாள் கழித்து அந்தக் குட்டி தாயின் அணைப்பில் தூங்கும் படம் வெளியானது. பார்த்திருப்பீர்கள். அதைவிட நல்ல சிகிச்சை எங்களிடம் எதுவும் இல்லை.

தாய் உண்மையிலேயே இல்லை, கூட்டமும் ஏற்கவில்லை என்றால்தான் வளர்ப்பு. இந்த விஷயத்தில் உலகத்துக்கு வழிகாட்டியவர் கென்யாவின் டாப்னி ஷெல்ட்ரிக். பால்குடிக் குட்டிகளை வளர்க்கவே முடியாது என்று எல்லோரும் நம்பிய காலம் அது. அவர் வருஷக்கணக்கில் ஒவ்வொரு பாலாக மாற்றிப் பார்த்தார், குட்டிகள் செத்துக்கொண்டே இருந்தன. கடைசியில் தேங்காய் எண்ணெய் சேர்ந்த குழந்தைப் பால்மாவு கைகொடுத்தது. யானைப்பாலில் உள்ள அதே வகைக் கொழுப்பு தேங்காயில் இருக்கிறது என்பதே காரணம். கென்யாவின் சம்புரு மக்கள் நடத்தும் ரெடெட்டி காப்பகத்தில் இப்போது ஆட்டுப்பாலை வைத்தே குட்டிகளை வளர்க்கிறார்கள். அதுவும் பொருந்துகிறது. கேப்ரிக் என்ற பெயரே ஆட்டைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான், அந்த அமிலம் ஆட்டுப்பாலில் அவ்வளவு உண்டு. ஆனால் இதைப் படித்துவிட்டு வீட்டில் கலக்க வேண்டாம். எவ்வளவு அடர்த்தி, எத்தனை லிட்டர் என்பதெல்லாம் குட்டியின் வயதையும் கழிவின் பதத்தையும் பார்த்து நாளுக்கு நாள் மாறும். 3 மணி நேரத்துக்கு ஒருமுறை, ராத்திரியிலும் எழுந்து, கொதிக்க வைத்துக் கழுவிய பாட்டிலில் கொடுக்க வேண்டும். சீம்பாலே குடிக்காத குட்டி என்றால் நோய் எதிர்ப்பு சக்தியே இருக்காது. இன்னொன்று பலருக்கும் தெரியாது: காட்டில் குட்டிகள் பெரிய யானைகளின் லத்தியைத் தின்னும். இலைதழையைச் செரிக்க உதவும் நுண்ணுயிர்கள் அப்படித்தான் அவற்றின் குடலுக்குள் போகின்றன. அனுபவமுள்ள காப்பகங்களில் நோயற்ற யானையின் லத்தியை இதற்காகவே கிடைக்கச் செய்வார்கள்.

ஆனால் பாலை விடப் பெரிய பாடம் ஒன்றை ஷெல்ட்ரிக் கற்றுக்கொண்டது 1974-ல். அந்தப் புதிய பாலில் முதலில் தேறியது ஆயிஷா என்ற பெண் குட்டி. அது அவரை விட்டு ஒரு நிமிஷமும் நகராது. மகளின் கல்யாணத்துக்காக அவர் கொஞ்ச நாள் பிரிந்திருக்க வேண்டியிருந்தது. ஆயிஷா சாப்பாட்டை விட்டுவிட்டது. அவர் திரும்பிவந்தபோது எலும்பும் தோலுமாக இருந்தது, காப்பாற்ற முடியவில்லை. அப்போது அதற்கு ஆறு மாதம். ஒரு குட்டியை ஒரே மனிதரோடு பிணைத்துவிடக் கூடாது என்பது அதற்குப் பிறகு அவருடைய விதியானது. அவர் தன் கணவர் டேவிட் பெயரில் 1977-ல் தொடங்கிய அறக்கட்டளையின் நைரோபி காப்பகத்தில் பராமரிப்பாளர்கள் குட்டிகளோடு ஒரே கொட்டிலில் தூங்குவார்கள். ஆனால் ஒவ்வொரு ராத்திரியும் ஆள் மாறுவார். பால் கொடுக்கும்போது ஒரு கம்பளியைத் தொங்கவிட்டு அதன் பின்னால் பாட்டிலை நீட்டுவார்கள். குட்டி துதிக்கையை அதன்மேல் சாய்த்துக்கொண்டு குடிக்கும், தாயின் வயிற்றில் சாய்வதுபோல.

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். காட்டில் விட முடியும். விட்டுக்கொண்டும் இருக்கிறார்கள். அதற்கான தீர்மானத்தைக் குட்டி வந்த முதல் நாளிலேயே எடுக்க வேண்டும் என்பதுதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. ஐந்து வருஷம் மனிதர் மடியில் வளர்த்துவிட்டு ஒருநாள் லாரியில் ஏற்றிக் காட்டில் இறக்கினால் அது விடுதலை ஆகாது.

இலங்கையில் இதற்குக் கண்ணெதிரே இரண்டு உதாரணங்கள் இருக்கின்றன. பின்னவலையில் 1975 முதல் அனாதைக் குட்டிகளை வளர்த்தார்கள், அவை மனிதரோடே பழகி அங்கேயே பெரிதாகி, குட்டியும் போட்டன. 1995-ல் உடவலவையில் வனசீவராசிகள் திணைக்களம் தொடங்கிய இடைத்தங்கல் இல்லத்தில் வேறு வழியில் போனார்கள். அங்கே பால் கொடுக்கும் நேரம் தவிர மனிதர் குட்டிகளிடம் நெருங்குவதில்லை. பார்வையாளர்கள் தூரத்து மேடையிலிருந்து பார்க்கலாம், தொட முடியாது. மற்ற நேரமெல்லாம் குட்டிகள் தங்களுக்குள்ளேயே கூட்டமாகத் திரியும், யார் யாரோடு ஒட்டுகிறது என்பது தானாகவே உருவாகும். நாலைந்து வயதில் அப்படி ஒட்டிக்கொண்ட கூட்டத்தை ஒன்றாகவே காட்டில் விடுகிறார்கள், சிலவற்றுக்கு ரேடியோ காலர் மாட்டிக் கண்காணிக்கிறார்கள். 1998-ல் தொடங்கி 100-க்கும் மேற்பட்ட யானைகள் இப்படிக் காட்டுக்குப் போயிருக்கின்றன. அசாமில் காசிரங்கா அருகே 2002-ல் தொடங்கிய மறுவாழ்வு மையத்தில் வளர்ந்த குட்டிகளையும் மானஸ் தேசியப் பூங்காவுக்குக் கொண்டுபோய், கூட்டமாகப் பழகவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் காட்டுக்கு விட்டார்கள்.

கென்யாவில் இன்னும் நிதானம். பால்குடி ஓரளவு குறைந்த பிறகு குட்டிகளை நைரோபியிலிருந்து சாவோ போன்ற பெரிய காடுகளின் ஓரத்துக்கு மாற்றுகிறார்கள். பகலில் காட்டில் மேய்ச்சல், ராத்திரி கொட்டில். தண்ணீர்க் குட்டைக்குக் காட்டு யானைகளும் வரும், முன்னால் அங்கே வளர்ந்து காட்டுக்குப் போனவையும் வரும். பழைய பிள்ளைகள் புதியவற்றைச் சேர்த்துக்கொள்ளும். ஒருநாள் ஒன்று ராத்திரி கொட்டிலுக்குத் திரும்பாது. அடுத்த வாரம் தயங்கித் திரும்பி வரும், பிறகு மறுபடி போகும். யாரும் விரட்டுவதில்லை, யாரும் தடுப்பதும் இல்லை. எட்டு, பத்து வருஷம்கூட ஆகலாம். காட்டிலேயே குட்டி ஈன்ற பெண் யானைகள் சில, அந்தக் குட்டியையும் கூட்டிக்கொண்டு பழைய கொட்டில் பக்கம் வந்து பராமரிப்பாளர்கள் எதிரில் நின்றிருக்கின்றன. எத்தனை முறை கேட்டாலும் எனக்குத் தொண்டை அடைக்கும் செய்தி இது.

மூத்த யானைகள் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், தென்னாப்பிரிக்காவின் பிலனெஸ்பெர்க்கில் அவை இல்லாமல் என்ன ஆகும் என்று பார்த்துவிட்டார்கள். பெரியவற்றைச் சுட்டுக் குறைத்த இடத்திலிருந்து அனாதைகளான குட்டிகளை மட்டும் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். அவற்றில் ஆண்கள் வளர்ந்து, காலத்துக்கு முன்பே மதம் பிடித்து, 1992-97க்குள் 40-க்கும் மேற்பட்ட காண்டாமிருகங்களைக் கொன்றன. 1998-ல் 6 மூத்த ஆண் யானைகளைக் கொண்டுவந்து விட்டதும் அது நின்றது.

எல்லாக் குட்டிக்கும் இந்த வழி வாய்க்காது. ஒற்றைக் குட்டியாக வந்து, கூடச் சேர இன்னொரு குட்டியே இல்லாமல், ஒரு பாகனையும் அவர் குடும்பத்தையுமே உலகமாகக் கொண்டு வளர்ந்தது என்றால், அதைக் காட்டில் விடுவது கொடுமை. மனிதரைக் கண்டு பயமே இல்லாத யானை நேராக ஊருக்குள்தான் வரும், பயிரில் இறங்கும், அடி வாங்கும் அல்லது ஆளைக் கொல்லும். அப்படிப்பட்ட குட்டிக்கு முகாம்தான் வீடு. அங்கே இரவு பகல் பாராமல் பிள்ளைபோல வளர்க்கும் பாகன்களையும் அவர்களின் உதவியாளர்களான காவடிகளையும் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் குட்டிகளை ஒன்றாகச் சேர்த்து வளர்க்கவும், யானைக் கூட்டங்கள் நடமாடும் பெரிய காடு பக்கத்திலேயே இருக்கவும் வாய்ப்புள்ள இடத்தில் காட்டுக்குத் திருப்பும் முயற்சியைச் செய்யாமல் விடுவதை என்னால் ஏற்க முடியாது.

இப்போது உங்கள் ஊருக்கு. உங்கள் பகுதி வனச்சரக அலுவலக எண்ணை இன்றே நாலைந்து பேர் போனில் சேமித்து வையுங்கள். குட்டி தென்பட்டால் எந்த நேரம், எந்தத் திசையிலிருந்து வந்தது, ராத்திரி எந்தப் பக்கம் யானைச் சத்தம் கேட்டது, எத்தனை காலடித் தடம் என்பதைக் குறித்து வைத்துச் சொல்லுங்கள். தாயைத் தேடுபவர்களுக்கு அதுதான் வேண்டும். யாராவது முந்திக்கொண்டு ஏதாவது கொடுத்திருந்தால் மறைக்காமல் என்ன, எவ்வளவு என்று சொல்லிவிடுங்கள், யாரும் திட்ட மாட்டார்கள், மருத்துவருக்கு உதவும். தாயின் வயிற்றுக்கு அடியில் நுழைந்து போகும் உயரம்தான் என்றால் அதற்கு ஒரு வயது ஆகியிருக்காது என்பது காட்டில் சொல்லும் கணக்கு. உங்கள் இடுப்பு உயரக் குட்டி பிறந்து சில வாரங்களே ஆனதாக இருந்திருக்கும். அந்த வயதுக்கு ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. அதனால் மாலைவரை காத்திராமல், பார்த்த உடனே கூப்பிடுங்கள்.