திமிங்கிலம் பார்க்கப் போவது – கடிதம்

அன்புள்ள அண்ணன்,

லண்டனில் இருக்கிற என் தம்பி போன வருடம் ஸ்கொட்லாந்துப் பக்கம் ஒரு பாய்ப்படகில் ஒரு கிழமை தங்கித் திமிங்கிலமும் பெருஞ்சுறாவும் பார்த்துவிட்டு வந்தான். அன்றிலிருந்து வேறு கதை இல்லை. வருகிற ஆடியில் பிள்ளைகளோடு ஊருக்கு வருகிறான். “நம்மட கடலில அதைவிடப் பெரிய திமிங்கிலம் இருக்காம், மட்டக்களப்பில ஒரு பாய்ப்படகு பிடி அக்கா” என்று வட்ஸ்அப்பில் ஒரே கரைச்சல். இந்தப் பேச்சை எடுத்தாலே அம்மாவுக்குக் கோபம். “கடல் தொழில் செய்யிற இடம். அதில போய் என்ன விளையாட்டு? எடுத்தது காணாதா?” என்கிறா. சுனாமியில் எங்கள் குடும்பத்திலும் ஆட்களை இழந்தோம். அதற்குப் பிறகு அம்மா கடற்கரைப் பக்கம் போனதே இல்லை. இங்கிருந்து தம்பி கேட்கிற மாதிரிப் போக முடியுமா? அம்மா சொல்வது சரியா, தம்பி சொல்வது சரியா?

ஒரு வாசகி,
பெரியகல்லாறு

அன்புள்ள தங்கச்சி,

லேசான கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். தம்பி அங்கே போன பயணத்தை அப்படியே இங்கே நடத்த முடியாது. அதற்குக் காரணம் திமிங்கிலம் இல்லை, கரை. ஸ்கொட்லாந்தின் மேற்கே ஹெப்ரிடீஸ் தீவுகள் நெருக்கமாகக் கிடக்கின்றன. பகலில் பாய் விரித்து ஒரு தீவிலிருந்து அடுத்ததற்குப் போகலாம், பொழுதுபட்டால் காற்றுப் படாத ஒரு குடாவுக்குள் நங்கூரம் போட்டுப் படகிலேயே ஆக்கித் தின்று படுக்கலாம். நம் கரை அப்படியா? திருகோணமலையைத் தாண்டினால் பொத்துவில் வரை பெரும்பாலும் நேரே நீண்ட மணற்கரை. கல்குடா, பாசிக்குடா, அறுகம்பை என்று ஒதுங்க நாலைந்து இடம். களப்புகளின் முகத்துவாரங்களோ மணல் மூடுவதும் வெட்டித் திறப்பதுமாக இருப்பவை. ஒலுவிலில் துறைமுகம் கட்டி 2013இல் திறந்தார்கள். அதன் வாயில் மணல் சேர்ந்த கதையை அம்பாறை மாவட்டத்தில் யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை.

காற்றும் அப்படித்தான். ஆடியில் வீசுகிற கச்சான் காற்று தரையிலிருந்து கடலுக்குத் தள்ளும். பாய் விரித்தால் போவது சுகம், திரும்பி வருவதுதான் பாடு. பாய் கட்டித் தொழிலுக்குப் போன காலத்து ஆட்கள் விடியற்புறம் தரைக்காற்றோடு போய், பகலில் கடற்காற்று எழும்பியதும் அதைப் பிடித்துக்கொண்டு கரை சேர்ந்தார்கள். அது எழும்பாத நாளில் துடுப்புத்தான். உங்கள் ஊரில் வயதானவர்களைக் கேட்டால் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

அடுத்தது ஆழம். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ‘ஹேர்மிஸ்’ என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு நேரே கிடக்கிறது. கரையிலிருந்து ஏறத்தாழ 9 கிலோமீட்டர் போயும் அங்கே ஆழம் 50 சொச்சம் மீட்டர்தான். திருகோணமலையில் நிலைமையே வேறு. துறைமுக வாயிலில் இருந்தே கடலடியில் ஒரு பெரும் பள்ளத்தாக்கு இறங்கிப் போகிறது. ஆழ்கடலில் கணவாய் தேடித் தின்னும் எண்ணெய்த் திமிங்கிலங்கள் (ஸ்பேர்ம் வேல்) கரைக்கு அவ்வளவு கிட்ட வருவது அதனால்தான். ஆகவே தம்பியை வாகரை, மூதூர், கிண்ணியா வழியாகத் திருகோணமலைக்குக் கூட்டிப் போங்கள். ஆடி அங்கே பருவத்துக்குள் வருகிற மாதம். திமிங்கிலம் பார்க்கச் சனம் போகிற மற்ற இடமான தெற்கே மிரிஸ்ஸவில் அப்போது பருவக்காற்று, கடல் குழம்பிக் கிடக்கும். விடியும்போது கடலில் நிற்க வேண்டும் என்பதால் முதல் நாளே போய்த் தங்குவது நல்லது.

அங்கே கிடைக்கப்போவது பெரும்பாலும் எஞ்சின் பூட்டிய ஃபைபர் போட். பாய்ப்படகுதான் வேண்டும் என்று தம்பி அடம்பிடித்தால் அவரிடம் ஒரு பழைய கதையைச் சொல்லுங்கள். சர்வதேசத் திமிங்கில ஆணையம் 1979இல் இந்து சமுத்திரத்தைத் திமிங்கிலங்களின் சரணாலயமாக அறிவித்தது. அதுவரை எண்ணெய்த் திமிங்கிலத்தைப் பற்றி விஞ்ஞானம் அறிந்ததில் பெரும் பங்கு வேட்டைக் கப்பல்களில் வெட்டிப் பார்த்து அறிந்தது. கொல்லாமலும் அறியலாம் என்று காட்ட ‘துலிப்’ என்ற சின்னப் பாய்ப்படகு ஒன்று இந்தப் பக்கம் வந்தது. 1982 முதல் 1984 வரை நடந்த வேலை அது. ஹால் வைட்ஹெட், ஜொனதன் கோர்டன் முதலிய ஆய்வாளர்கள் அதில் இருந்தார்கள். திருகோணமலைக்கு வெளியே எண்ணெய்த் திமிங்கிலக் கூட்டங்களின் பின்னால் இரவு பகலாகப் போனார்கள்.

எப்படிப் பின்தொடர்ந்தார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எண்ணெய்த் திமிங்கிலம் மூழ்கினால் முக்கால் மணித்தியாலம், சில வேளை அதற்கும் மேலே, கீழேதான் நிற்கும். மேலே வந்து பத்து நிமிடம் அளவில் மூச்சு வாங்கிவிட்டு மறுபடி போய்விடும். கண்ணை நம்பினால் இருட்டியதும் தொலைத்துவிடுவோம். அவர்கள் ஓர் ஒலிவாங்கியை நீருக்குள் இறக்கிக் காது கொடுத்தார்கள். கீழே இரை தேடும்போது அது ‘டிக் டிக்’ என்று இடைவிடாமல் ஒலி எழுப்பும், அந்த ஒலி எங்கே போகிறதோ அங்கே படகும் போகும். நிலவு நாளில் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீருக்குள் விட்டு மறுமுனையில் காதை வைத்து மீன் பாடுவதைக் கேட்பார்களே, வேலை அதேதான், கருவிதான் வேறு. பாய்ப்படகின் பெருமை அதன் அழகில் இல்லை. எஞ்சின் ஓடாதபோதுதான் கடலைக் கேட்க முடியும். ஃபைபர் போட்டிலும் எஞ்சினை நிறுத்தலாம், நிறுத்துகிற ஓட்டி கிடைக்க வேண்டும்.

இனி அம்மாவின் பேச்சு. 2004 டிசம்பர் 26 அன்று இலங்கையிலேயே கூடிய உயிர்களைக் கொடுத்தது அம்பாறை மாவட்டம். மட்டக்களப்பில் நாவலடியும் கல்லடியும் பட்டதை நாம் கண்ணால் கண்டோம். “எடுத்தது காணாதா” என்று கேட்கிற தாயிடம் சொல்ல என்னிடம் பதில் இல்லை. நீங்களும் தேடாதீர்கள். பயம் தெளியட்டும் என்று அவரைப் படகில் ஏற்றுகிற யோசனை தம்பிக்கு வரக்கூடும், வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இப்படி வைத்தியம் பார்க்கிற ஆசை வரும். அதை மட்டும் தடுத்துவிடுங்கள்.

ஆனால் தொழில் ஒரு பக்கம், விளையாட்டு மறுபக்கம் என்று அவர் பிரிப்பதை அப்படியே ஒப்புக்கொள்ள எனக்கு முடியவில்லை. அம்மா வெறுக்கிற விளையாட்டு உண்மையில் உண்டு. ஒரு திமிங்கிலம் மூச்சு விட மேலே வந்ததும் எல்லாப் படகும் எஞ்சினை முறுக்கிக்கொண்டு பாய்ந்து வளைத்து நிற்கும். அது மூச்சை முழுக்க வாங்காமலே இறங்கிவிடும். படகில் இருப்பவர்கள் கைதட்டுவார்கள். மிரிஸ்ஸ இந்தக் கூத்துக்குப் பேர் போன இடம், திருகோணமலையும் அதிலிருந்து தப்பவில்லை. அம்மா பார்க்காமலே அதைச் சரியாகக் கண்டுபிடித்திருக்கிறார்.

தம்பி போன ஹெப்ரிடீஸ் கடலிலேயே இன்னொரு வகை உண்டு. மல் தீவில் டோபர்மோரி என்ற சிற்றூரிலிருந்து ஒரு திமிங்கில அறநிலையம் ‘சிலூரியன்’ என்ற பாய்ப்படகை நடத்துகிறது. அதில் காசு கட்டித்தான் ஏற வேண்டும். ஏறினால் வேலை தருவார்கள். முறை வைத்துப் பாய்மரத்தடியில் நின்று கடலைப் பார்க்க வேண்டும், கண்ட மிங்கித் திமிங்கிலம், ஓங்கில் (டொல்பின்), பெருஞ்சுறா எல்லாவற்றையும் நேரமும் இடமும் போட்டுப் பதிய வேண்டும், பின்னால் இழுபடும் ஒலிவாங்கியையும் கவனிக்க வேண்டும். லீவு போட்டு, காசும் கொடுத்து, வேலை செய்துவிட்டு வருகிறார்கள். இதை அம்மாவிடம் சொன்னால் சிரிப்பார், ஆனால் திட்ட மாட்டார் என்று நினைக்கிறேன்.

(தம்பி சொன்ன அளவு சரிதான். அங்கே காணும் மிங்கி எட்டு, ஒன்பது மீட்டர். நம் கடலின் நீலத் திமிங்கிலம் 20 மீட்டரைத் தாண்டும். மற்ற இடங்களில் அவை துருவக் கடல்களுக்குப் போய் இரை தின்னும், இங்கே உள்ளவை வருடம் முழுக்க இந்து சமுத்திரத்தின் சூடான நீரிலேயே நின்றுவிடுகின்றன என்று உலகுக்கு எடுத்துச் சொன்னவர் நம் நாட்டு ஆய்வாளர் ஆஷா டி வொஸ்.)

பிள்ளைகளுக்கு ஒரு கொப்பி வாங்கிக் கொடுங்கள். தூரத்தில் மூச்சு நேரே உயர்ந்து எழும்பினால் நீலத் திமிங்கிலம். தாழ்வாக, முன்னோக்கி இடப்பக்கம் சாய்ந்து புதர்போல் விரிந்தால் எண்ணெய்த் திமிங்கிலம், அதன் மூச்சுத்துளை தலையின் நுனியில் இடது பக்கமாக இருக்கிறது. நூற்றுக்கணக்கில் ஓங்கில்கள் துள்ளிச் சுழன்றால் எண்ண முயன்று தோற்கட்டும். ஆமை கண்டால் அதையும் எழுதட்டும். மூழ்கும்போது வால் மேலே வந்தால் தம்பி படம் எடுக்க வேண்டியது வாலின் அடிப்பக்கத்தைத்தான். வாலில் உள்ள வெட்டும் வடுவும் வைத்துத்தான் இன்ன திமிங்கிலம் என்று அடையாளம் காண்கிறார்கள். போவதற்கு முதல் கல்லாற்றிலும் வாழைச்சேனையிலும் கடலுக்குப் போகிறவர்களிடம் எந்த மாதத்தில், எத்தனை பாகம் தண்ணீரில், என்ன கண்டார்கள் என்று பிள்ளைகள் கேட்டு எழுதினால், அந்தக் கொப்பி தம்பியின் படங்களைவிடப் பெறுமதியானது. ஆனால் அவர்களின் தொழில் போட்டில் காசு கொடுத்து ஏறிவிடாதீர்கள். ஆள் ஏற்றுவதற்கு அனுமதி உள்ள படகு வேறு. ஏதும் நடந்தால் அந்த மனிதரின் பிழைப்புப் போய்விடும்.

படகு பேசும்போது “கட்டாயம் காட்டுவோம்” என்று சத்தியம் செய்கிறவரை விட்டுவிடுங்கள். 100 மீட்டருக்குள் நெருங்கக் கூடாது என்பது 2012ஆம் ஆண்டு ஒழுங்குவிதி. அதைச் சொன்னதும் முகம் சுளிக்கிறாரா என்று பாருங்கள். பிள்ளைகளின் அளவுக்கு லைஃப் ஜக்கெட் இருக்கிறதா என்பதைக் கரையிலேயே போட்டுப் பார்த்துவிடுங்கள். கடல் கெட்ட நாளில் காசு திரும்புமா என்பதையும் முதலே கேளுங்கள். சத்திக் குளிசையைப் படகில் ஏறிய பிறகு போட்டுப் பயனில்லை, ஒரு மணித்தியாலம் முன்னே போட வேண்டும்.

அம்மாவைப் பற்றி இன்னும் ஒன்று. ஆடி அமாவாசைக்குத் திருக்கோவில் சித்திர வேலாயுத சுவாமி கோவிலில் தீர்த்தம் கடலில்தான். போனவர்களுக்காகச் சனம் இறங்குவது அந்தக் கடலில்தான். தம்பியின் நாட்கள் அதோடு பொருந்தி வந்தால், அம்மாவைக் கேட்டுப் பாருங்கள். வரமாட்டேன் என்றால் இன்னொரு தரம் கேட்காதீர்கள், தம்பி கேட்கவும் விடாதீர்கள்.