வி.ஆர். லென்ஸுக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா?

கேள்வி: என்னிடம் நிக்கான் டி5600 கேமரா இருக்கிறது. ஏஎஃப்-பி டிஎக்ஸ் 70-300 லென்ஸ் கேட்டபோது, கை அதிர்வைத் தாங்கும் வி.ஆர். உள்ளது, இல்லாதது என இரண்டைக் காட்டினார்கள். விலை வித்தியாசம் யோசிக்க வைக்கிறது. வேடந்தாங்கல் பறவைகளையும், மேடையில் மகளின் பரதநாட்டியத்தையும் எடுக்க வேண்டும்.

பதில்: பறவைக்குக் கொடுக்கலாம். நாட்டியத்துக்கு வீண்.

கையில் பிடித்து எடுக்கும் படம் கலங்காமலிருக்க, 300 எம்.எம். லென்ஸுக்கு ஷட்டர் வேகம் 1/300 நொடியாவது வேண்டும் என்பது பழைய கணக்கு. உங்கள் கேமராவின் சென்சார் சிறியது என்பதால் 1.5ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 1/500 வரும். அந்த லென்ஸோ 300இல் எஃப்/6.3க்கு மேல் திறக்காது (எஃப் எண் சிறியதானால் திறப்பு பெரிது, வெளிச்சம் அதிகம்). நாரைகள் கூடு திரும்பும் அந்தி நேரத்தில் 1/500 வைத்தால் சென்சாரின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓ 6400க்கு ஏறி, இறகெல்லாம் மணல் தூவியது போலாகிவிடும். வி.ஆர். இருந்தால், கிளையில் அசையாமல் நிற்கும் நாரையை 1/60இலும் எடுக்கலாம். ஐஎஸ்ஓ 800 போதும்.

கடையிலேயே சோதித்துவிடுங்கள். 300இல் எதிர்க்கடைப் பெயர்ப்பலகையைப் பார்த்தபடி ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்துங்கள். துள்ளிக்கொண்டிருந்த எழுத்துகள் சட்டென்று அடங்கி, தண்ணீரில் மிதப்பதுபோல மெல்ல நகரும். லென்ஸுக்குள் சில கண்ணாடிகள் உங்கள் கை நடுக்கத்துக்கு எதிர்த்திசையில் நகர்ந்து ஈடுகட்டுகின்றன. இந்த அமைதிக்காகவே நான் பணம் கொடுப்பேன். பறக்கும் கொக்கைக் கட்டத்துக்குள் பிடித்துவைக்க முடிகிறதே! முக்காலியில் பொருத்தினால் மட்டும் வி.ஆரை நிறுத்திவிடுங்கள். இந்த லென்ஸில் அதற்குச் சுவிட்ச் இல்லை, கேமரா மெனுவில் தேட வேண்டும்.

மேடையில் கதை வேறு. வி.ஆர். அடக்குவது உங்கள் கையைத்தான், மகளின் கால்களை அல்ல. அடவில் சுழலும் கை தெளிவாக விழ 1/250ஆவது வேண்டும்; அதற்கு வெளிச்சம் வேண்டும். எஃப்/1.8 லென்ஸ், எஃப்/6.3ஐவிட 12 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். முன்வரிசையில் இடம் கிடைத்தால் 50 எம்.எம்., சற்றுப் பின்னால் என்றால் 85. இரண்டிலும் வி.ஆர். கிடையாது, குறையும் தெரியாது. பெயரில் ஏஎஃப்-எஸ் (ஃபோகஸ் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருப்பதற்கான குறி) என்று இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கும் பழைய 50 எம்.எம். 'டி' வகையில் அந்த மோட்டார் இல்லை, உங்கள் கேமராவில் தானாக ஃபோகஸ் ஆகாது.